இரண்டேகால் வயதாகியும் நிற்காத ஜொள்ளு: எச்சில் அதிகமா, விழுங்குவது குறைவா?

ஜூன் 4, காலை 10.20 – கேள்வி

பையனுக்கு ரெண்டு வயசு மூணு மாசம். ஜொள்ளு நிக்கவே மாட்டேங்குது. ஒரு நாளைக்கு அஞ்சாறு பிப் மாத்தறோம், கழுத்து மடிப்புல சிவந்து தோல் உரியுது. "பல்லு முளைக்குது, தானா நின்னுடும்"னு எல்லாரும் சொன்னாங்க. இப்போ கடவாய்ப் பல்லே வந்தாச்சு. பேச்சும் பத்துப் பன்னிரண்டு வார்த்தைதான். எச்சில் சுரக்கறதைக் குறைக்க வழி இருக்கா? ஸ்பீச் தெரபி போனா ஜொள்ளு நிக்குமா, இல்ல ஜொள்ளு நின்னாத்தான் பேச்சு வருமா?

ஜூன் 4, மதியம் 1.05 – பதில்

எச்சில் அதிகமாகச் சுரக்கிறது என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வையுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குச் சுரப்பு சரியான அளவில்தான் இருக்கும், விழுங்குவதுதான் போதாது. பெரியவர்களுக்கே நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் ஊறுகிறது. விழித்திருக்கும்போது ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு தடவை, நினைக்காமலே விழுங்கிவிடுவதால் அது யாருக்கும் தெரிவதில்லை.

இப்போதே ஒன்று செய்து பாருங்கள். உதடுகள் ஒட்டாமல் வாயைச் சற்றுத் திறந்து, நாக்கைக் கீழ்ப்பல் மேல் படுக்க வைத்து, அப்படியே எச்சிலை விழுங்க முயலுங்கள். தொண்டை இழுக்கும், ஆனால் சரியாக இறங்காது. இப்போது உதட்டை மூடுங்கள். நாக்கு நுனி தானாக மேலே போய் மேல்பல்லின் பின்னால் ஒட்டும், தாடை நிற்கும், ஒரே மடக்கில் இறங்கிவிடும். வாய் திறந்தே இருக்கும் குழந்தை நாள் முழுக்க முதல் நிலையில்தான் இருக்கிறது. அதனால் "வாய் ஏன் மூடவில்லை" என்பதைத்தான் தேட வேண்டும்.

வயதைப் பற்றி: ஒன்றரை முதல் இரண்டு வயது வரை ஜொள்ளு சாதாரணம். அதற்குப் பிறகும் பல் முளைக்கையிலும், ஏதாவது ஒன்றில் மூழ்கி விளையாடும்போதும் கொஞ்சம் வடியலாம். நான்கு வயதைத் தாண்டியும் விழித்திருக்கும்போது வடிந்தால் அதை இயல்பு என்று சொல்ல முடியாது. உங்கள் பையன் நடுவில் இருக்கிறான். ஜொள்ளு மட்டும் என்றால் சில மாதம் பார்க்கலாம் என்பேன். ஆனால் இரண்டு வயதில் ஏறக்குறைய ஐம்பது வார்த்தையும், இரண்டு சொல் சேர்த்துப் பேசுவதும் எதிர்பார்க்கப்படும். பத்துப் பன்னிரண்டு வார்த்தைக்குக் காத்திருக்க வேண்டாம். காது கேட்கும் சோதனையும் ஸ்பீச் தெரபிஸ்ட் மதிப்பீடும் இப்போதே வேண்டும்.

ஜூன் 4, மதியம் 1.30

முதலில் எழுதியிருக்க வேண்டியதை விட்டுவிட்டேன். இதுவரை வடியாத குழந்தைக்குத் திடீரென ஜொள்ளு கொட்டினால் அது வேறு விஷயம். கூடவே காய்ச்சல், விழுங்க மறுப்பது, அடைத்த குரல், மூச்சு இழுக்கும்போது சத்தம், முன்பக்கம் குனிந்தே உட்காருவது என இவற்றில் ஏதாவது இருந்தால் தொண்டை வீக்கமோ, சீழ்க்கட்டியோ, சிக்கிய பொருளோ காரணமாக இருக்கலாம். பொத்தான் பேட்டரி விழுங்கிய சந்தேகம் இருந்தால் நிமிடம் கூட முக்கியம். வாய்க்குள் விரல் விட்டுத் துழாவாமல் நேராக அவசர சிகிச்சைக்குப் போங்கள். இனி நான் எழுதுவதெல்லாம் மாதக்கணக்கில் ஒரே மாதிரி வடியும் குழந்தைகளுக்கு மட்டும்.

ஜூன் 5, காலை 9.10

எங்கே தொடங்குவது? மூக்கில். மூக்கு அடைத்திருக்கும் குழந்தையிடம் "வாயை மூடு" என்றால் மூச்சை நிறுத்து என்று சொல்வது போல. எத்தனை வாரம் உதட்டுப் பயிற்சி கொடுத்தாலும் ஏறாது.

வீட்டிலேயே பார்க்கக்கூடியவை இவை. தூங்கும்போது வாய் திறந்திருக்கிறதா, குறட்டை உண்டா, நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா? தூங்கும் குழந்தையின் மூக்குக்குக் கீழே குளிர்ந்த சிறு கண்ணாடியையோ ஸ்டீல் கரண்டியின் பின்பக்கத்தையோ பிடியுங்கள். இரண்டு வட்டமாகப் பனி படிய வேண்டும். ஒரு வட்டம் மட்டும் படிந்தாலோ, படியாமலே இருந்தாலோ குறித்து வையுங்கள். பகலில் மூக்கை மேல்நோக்கி அடிக்கடி தேய்க்கிறானா என்றும் பாருங்கள். அது ஒவ்வாமையின் அடையாளமாக இருக்கலாம்.

இன்னொன்றைக் காதால் கேட்டே கண்டுபிடிக்கலாம். "ம்ம்ம்" என்று உதட்டை மூடி நீட்டி முனகச் செய்யுங்கள். மூக்கு திறந்திருந்தால்தான் அந்த ஒலி நீளும். உங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு முனகிப் பாருங்கள், சட்டென்று நின்றுவிடும். மூக்கடைப்புள்ள குழந்தை "அம்மா" என்பது "அப்பா"வின் சாயலில் விழும்.

இவற்றில் இரண்டு பொருந்தினாலும் காது மூக்கு தொண்டை டாக்டரைப் பாருங்கள். மூக்கின் பின்பக்கம் உள்ள அடினாய்டு என்ற சதை வீங்கினால் மூக்கு அடைப்பதோடு நடுக்காதில் நீரும் தேங்கலாம், காது கேட்கும் திறன் குறையும், பேச்சும் தாமதமாகும். நீங்கள் கேட்டீர்களே, ஜொள்ளு முதலா பேச்சு முதலா என்று. பல நேரம் ஒன்றால் இன்னொன்று வருவதில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றாக இருக்கலாம்.

ஜூன் 5, இரவு 8.45

எண்ணாமல் எதையும் தொடங்காதீர்கள். "இப்போ பரவாயில்ல மாதிரி இருக்கு" என்ற ஞாபகத்தை நம்பி ஒரு பயிற்சியைத் தொடரவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

தெரபிஸ்ட்கள் செய்யும் முறை எளிது. வாயைத் துடைத்துவிட்டு ஐந்து நிமிடம் பக்கத்தில் உட்காருங்கள். 15 நொடிக்கு ஒரு முறை, மொத்தம் 20 முறை முகத்தைப் பாருங்கள். உதட்டு விளிம்பில் புதிதாக எச்சில் தேங்கியோ, கீழே வடிந்தோ இருந்தால் ஒரு கோடு. கோடுகளின் எண்ணிக்கையை 20ஆல் வகுத்து நூறால் பெருக்குங்கள். 13 கோடு என்றால் 65 சதவீதம். சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழிந்திருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்து பார்க்கும்போது ஒரு தடவை, கை வேலையாக விளையாடும்போது ஒரு தடவை எனத் தனித்தனியாக எடுங்கள். மூன்று நாள் எடுத்துச் சராசரி வையுங்கள். சளி பிடித்த வாரத்தில் எண்ண வேண்டாம்.

கூடவே ஈரம் எதுவரை போகிறது என்று ஒரு சொல் எழுதுங்கள்: உதடு, முகவாய், சட்டை, கை மற்றும் பொம்மை. சட்டையிலிருந்து முகவாய்க்கு ஏறிவந்தாலே முன்னேற்றம், எண்ணிக்கை அப்படியே இருந்தாலும்.

ஜூன் 7, காலை 7.30

உட்காரும் விதம். இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் அதிகம். தலை முன்னால் தொங்கினால் எச்சில் பல்லுக்குப் பின்னால் தேங்காமல் உதட்டுக்கு உருண்டு வரும். கால் அந்தரத்தில் ஆடும் நாற்காலியில் இடுப்பு சரியும், முதுகு வளையும், தலை தொங்கும், வாய் திறக்கும். பாதத்துக்கு அடியில் ஒரு பெட்டி வையுங்கள். இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் செங்கோண மடிப்பில் இருக்கட்டும். மேஜை முழங்கை உயரம். படப் புத்தகத்தைத் தரையில் போட்டுக் குனிந்து பார்ப்பதற்குப் பதில் சுவரிலோ சாய்பலகையிலோ கண் மட்டத்தில் நிறுத்துங்கள். பயிற்சி எதுவும் தொடங்குமுன்பே இது மட்டும் சில குழந்தைகளுக்கு வித்தியாசம் காட்டும்.

ஜூன் 7, மாலை 6.00

துடைப்பது பற்றி. கன்னத்திலிருந்து கன்னத்துக்கு இழுத்துத் துடைக்காதீர்கள். அப்படி இழுக்கும்போது கீழுதடு விலகி வாய் இன்னும் திறக்கிறது, தோலும் உராய்கிறது. மெல்லிய பருத்தித் துணியை இரண்டு விரலில் சுற்றி, முகவாய்க்கு நடுவில் ஒற்றி, அழுத்தியபடி மேல்நோக்கிக் கொண்டுவந்து கீழுதட்டை மேலுதட்டோடு சேருங்கள். இரண்டு நொடி பிடித்து விடுங்கள். துடைக்கும் ஒவ்வொரு தடவையும் வாய் மூடும் உணர்வு கிடைக்கும். எச்சில் தெரியும்போதெல்லாம் இப்படிச் செய்யுங்கள்.

கழுத்துப் புண்ணுக்கு: ஈரத்தை ஒற்றி எடுத்து, காயவிட்டு, வாசனையில்லாத பெட்ரோலியம் ஜெல்லியோ துத்தநாகக் களிம்போ மெல்லிய படலமாகப் பூசுங்கள், தூங்குவதற்கு முன்னும் சாப்பாட்டுக்கு முன்னும். ஈரத்தின் மேலேயே பூசினால் உள்ளே அடைபட்டுக் கூடுதலாக ஊறும். மடிப்பில் செக்கச்செவேல் என்று ஓரத்தில் சின்னச் சின்னப் பொட்டுகளோடு இருந்தால் பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு டாக்டர் தரும் களிம்புதான்.

ஜூன் 9, காலை 8.15

ஏழாம் தேதி எழுதியதில் இரண்டு திருத்தம்.

ஒன்று: "எச்சில் தெரியும்போதெல்லாம்" என்றது தவறு. நாளைக்கு நூறு தடவை முகத்தருகே கை வந்தால் எந்தக் குழந்தையும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், துணியைக் கண்டாலே ஓடும். பத்துப் பதினைந்து இயல்பான தருணங்களோடு கட்டிவிடுங்கள்: பொம்மை மாற்றும்போது, மேஜைக்கு வரும்போது, வெளியே கிளம்பும்போது. மற்ற நேரத்தில் சட்டை நனைந்தால் நனையட்டும்.

இரண்டு: வரிசை. முதலில் விழுங்கல், பிறகுதான் துடைப்பு. துடைப்பு மட்டும் என்றால் உதட்டில் உள்ளது போகும், வாய்க்குள் தேங்கியது அடுத்த நிமிடம் வந்து நிற்கும். "வாய் மூடு… முழுங்கு" என்று சொல்லி, நீங்கள் கண்ணெதிரே மிகைப்படுத்தி விழுங்கிக் காட்டுங்கள். அவன் கையை உங்கள் தொண்டையில் வைத்தால் ஏறி இறங்குவது தெரியும். இரண்டேகால் வயதில் "முழுங்கு" என்ற சொல் மட்டும் புரியாது. தண்ணீர் ஒரு மடக்கு குடித்து விழுங்கும் அதே நொடியில் அந்தச் சொல்லைச் சொல்லிச் சொல்லித்தான் ஒட்டவைக்க வேண்டும். தினமும் அதே சொல், வீட்டில் எல்லாரும் அதே சொல். ஒருவர் "விழுங்கு", இன்னொருவர் "உள்ள தள்ளு" என்றால் பாவம், அவன் எதைப் பிடிப்பான்?

ஜூன் 9, மதியம் 12.40

ஈரமே தெரியாத குழந்தையும் உண்டு. எப்போதும் நனைந்த முகவாய் அவர்களுக்கு இயல்பு. கண்ணாடி முன் உட்காரவைத்து ஒரு கன்னத்தில் ஈரத் துணி, மறு கன்னத்தில் காய்ந்த துணி. "ஈரம்", "காஞ்சிருக்கு". பிறகு முகவாயில். அவனே தொட்டுப் பார்த்துச் சொல்லும் நாள் வந்தால் பாதி வேலை முடிந்தது. பிப்பை நாள் முழுக்க மாட்டி வைக்காமல், வீட்டில் தினமும் ஓரிரு மணி நேரம் கழற்றி விடுங்கள்.

ஜூன் 12, இரவு 9.20

குடிப்பதும் சாப்பிடுவதும். தெரபியில் அதிகம் வேலை நடக்கும் இடம் இதுதான். காரணம், இங்கே உதடு மூடாவிட்டால் காரியமே நடக்காது.

கடினமான மூக்குள்ள சிப்பி கப்பை எடுத்து வைத்துவிடுங்கள். அதன் மூக்கு நாக்கின் மேல் உட்கார்ந்து நாக்கை முன்னால் தள்ளவே பழக்குகிறது. பால்புட்டி, சூப்பான், விரல் சூப்புவது ஆகியவற்றையும் படிப்படியாகக் குறையுங்கள். பதிலாகத் திறந்த சிறு கப், ஒரு தடவைக்கு 20-30 மில்லி. விளிம்பைக் கீழுதட்டில் வைத்து நிறுத்துங்கள், வாய்க்குள் கவிழ்க்காதீர்கள். மேலுதடு இறங்கி விளிம்பைத் தொடும் வரை காத்திருங்கள். அந்த இரண்டு மூன்று நொடிக் காத்திருப்புதான் பயிற்சி.

ஸ்ட்ரா தெரியாதவனுக்கு: ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டு மேல்துளையை விரலால் மூடித் தூக்குங்கள், உள்ளே கொஞ்சம் நிற்கும். நுனியை உதடுகளுக்கு நடுவில் வையுங்கள். உதடு சேர்ந்ததும் விரலை எடுங்கள், தண்ணீர் வரும். நாலைந்து நாளில் பலருக்கு உறிஞ்ச வந்துவிடும். பிறகு கவனிக்க வேண்டியது ஆழம். ஸ்ட்ரா பல்லைத் தாண்டக் கூடாது, உதட்டுக்கு உள்ளே ஒரு சென்டிமீட்டருக்குள் இருக்கட்டும். ஆழமாகப் போனால் நாக்கால் மடித்துப் பால்புட்டி மாதிரியே உறிஞ்சுவான், உதட்டுக்கு வேலை இல்லை. கடித்துப் பிடித்தாலும் அதே கதை.

கரண்டி: தட்டையானது. நேராக உள்ளே, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தம், மேலுதடு இறங்கி உணவை வழித்தெடுக்கும் வரை பொறுத்து, நேராக வெளியே. நாம் அவசரத்தில் கரண்டியை மேல்நோக்கி இழுத்து மேல் ஈறில் வழித்துவிடுகிறோம். அங்கே உதடு சும்மா இருக்கிறது.

குடித்த பின் இருமல், புரைக்கேறல், தொண்டையில் தண்ணீர் நிற்பது போல களகளத்த குரல், அடிக்கடி நெஞ்சுச்சளி இருந்தால் இதெல்லாம் நிறுத்திவிட்டு விழுங்கும் திறனைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். சில குழந்தைகளுக்கு எச்சில் முன்னால் வடிவதோடு பின்னால் மூச்சுக்குழாய்ப் பக்கமும் இறங்கும். அது கண்ணுக்குத் தெரியாது.

ஜூன் 13, காலை 11.00 – வேறொரு வாசகர்

ஊதல், சோப்புக் குமிழி, வாய்க்குள்ள அதிர்ற பிரஷ், கன்னம் மசாஜ், இதெல்லாம் செய்யச் சொன்னாங்களே? நீங்க ஒண்ணுமே எழுதலையே?

ஜூன் 13, மாலை 5.15

வேண்டுமென்றேதான் எழுதவில்லை. ஊதுவதால் ஊதும் திறன் வளரும். எச்சில் விழுங்குவது வேறு வேலை, பேசுவது வேறு வேலை. பேச்சோ விழுங்கலோ இல்லாத வெறும் வாய்ப் பயிற்சிகள் ஜொள்ளைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் பலவீனம். குமிழி ஊதுவது குழந்தைக்குப் பிடிக்கும், "இன்னும்", "ஊது", "போச்சு" என்று பேச வைக்க நல்ல சாக்கு. அதற்காக வையுங்கள். அரை மணி நேரப் பயிற்சியில் இருபத்தைந்து நிமிடம் ஊதலும் மசாஜுமாகப் போனால், தெரபிஸ்டிடம் இது எதற்கு, எந்த எண்ணிக்கை குறைய வேண்டும் என்று கேளுங்கள்.

வாயில் டேப் ஒட்டுவது மட்டும் எந்தக் குழந்தைக்கும் கூடாது. வாய் காயட்டும் என்று சளி மருந்து கொடுப்பதும் கூடாது. தண்ணீரைக் குறைப்பதும் கூடாது, எச்சில் கெட்டிப்பட்டு விழுங்க இன்னும் கஷ்டமாகும்.

ஜூன் 16, காலை 6.50

பேச்சும் ஜொள்ளும் சந்திக்கும் இடம் உதட்டெழுத்துகள்: ப, ம. இங்கே தமிழ் நமக்கு நன்றாகக் கைகொடுக்கிறது, ஆனால் சொல்லைப் பார்த்து எடுக்க வேண்டும்.

இரட்டித்து வருபவற்றை எடுங்கள்: அப்பா, அம்மா, பாப்பா, டப்பா, தொப்பி, பொம்மை, சும்மா. ப்ப, ம்ம வரும் இடத்தில் உதடு மூடி ஒரு கணம் கூடுதலாக நிற்கிறது. அந்த நிறுத்தம்தான் வேண்டும். "டப்…" என்று உதட்டை மூடியபடி நிறுத்தி, அவன் கண் உங்கள் உதட்டுக்கு வந்ததும் "…பா" என்று திறங்கள். பாம்பு, தம்பி போன்ற ம்ப சொற்களும் நல்லவை.

ஏமாற்றுபவை: மரம், பழம், படம். எழுத்தில் ம் இருக்கிறது, பேச்சில் நாம் யாரும் அங்கே உதட்டை மூடுவதில்லை. மூக்கொலியாக இழுத்து விட்டுவிடுகிறோம். பட அட்டையில் இவற்றை வைத்து உதட்டுப் பயிற்சி என்று நினைத்தால் ஏமாற்றம்தான்.

ஒரு பெட்டியில் டப்பா, தொப்பி, பொம்மை, பாம்பு நான்கும் போட்டு, ஒரு நேரம் ஐந்து நிமிடம், நாளைக்கு மூன்று நேரம். "சொல்லு, சொல்லு" என்று கட்டாயப்படுத்த வேண்டாம். நீங்கள் பத்துத் தடவை சொல்லுங்கள், அவன் ஒரு தடவை உதட்டை மூடினாலே பொருளைக் கையில் கொடுங்கள். சத்தம் பிறகு வரும். இன்னொன்று, வாயில் எச்சிலோடு பேச ஆரம்பித்தால் சொல்லோடு சேர்ந்து தெறிக்கும். ஆகவே விளையாட்டுக்கு முன் ஒரு "முழுங்கு".

ஜூலை 14, காலை 10.05 – முதல் கேள்வி கேட்டவர்

இ.என்.டி. பார்த்தாச்சு. மூக்குல ஒவ்வாமை, அடினாய்டு கொஞ்சம் பெருசு, ஒரு காதுல நீர். மூக்குக்கு மருந்து போட்டுக்கிட்டிருக்கோம், மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. சும்மா பார்க்கும்போது 65லேருந்து 40க்கு வந்திருக்கு. ஆனா கட்டை அடுக்கும்போது 70, அப்படியேதான் இருக்கு. எங்க தப்பு பண்றோம்?

ஜூலை 14, மதியம் 2.30

தப்பே இல்லை. இரண்டையும் தனித்தனியாக எண்ணியதால்தான் இது தெரிகிறது. மூக்கு திறந்ததால் சும்மா இருக்கும்போது வாய் மூடுகிறது. கட்டை அடுக்கும்போது கவனமெல்லாம் விரலில் போய்விடுகிறது, வாய்க்கு ஆள் இல்லை. கடைசியாகச் சரியாவது இதுதான், மாதங்கள் ஆகும். நடுவில் கூப்பிட்டு "முழுங்கு" என்றால் கட்டையும் சரியும், மனமும் சரியும். மூன்று கட்டை அடுக்கியதும் நான்காவது உங்கள் கையில் இருக்கட்டும். கொடுக்கும்போது நீங்கள் விழுங்கிக் காட்டிவிட்டுக் கொடுங்கள். சுலபமான விளையாட்டில் முதலில், கஷ்டமானதில் பிறகு.

காதில் நீர் இருக்கும் வரை முகத்துக்கு நேராக, பக்கத்தில் வந்து பேசுங்கள். நீர் வடிந்தபின் காது கேட்கும் சோதனை மறுபடியும் வேண்டும்.

ஜூலை 15, இரவு 8.00 – வேறொரு வாசகர்

என் பொண்ணுக்கு ஆறு வயசு, மூளை முடக்குவாதம். வலிப்பு மாத்திரை போகுது. சட்டை முழுக்க நனையுது. மேல சொன்னது போதுமா?

ஜூலை 16, காலை 9.40

உட்காரும் நிலையும், துடைக்கும் முறையும், "முழுங்கு" என்ற சைகையும் உங்களுக்கும் பொருந்தும். ஆறு வயதில் புரிதல் இருந்தால் குறித்த நேரத்துக்கு ஒருமுறை அதிரும் கைக்கடிகாரத்தை விழுங்கும் நினைவூட்டலாக வைக்கலாம். ஆனால் தசைக் கட்டுப்பாடே குறைவாக இருக்கையில் பயிற்சி மட்டும் போதாமல் போகலாம், அதில் உங்கள் முயற்சியில் குறை எதுவும் இல்லை.

முதலில் மாத்திரையின் பெயரைப் பாருங்கள். குளோனாசெபாம், குளோபசாம் போன்றவை ஜொள்ளைக் கூட்டும். நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ கூடாது, நரம்பியல் டாக்டரிடம் சொல்லுங்கள். எச்சிலைக் குறைக்கும் கிளைகோபைரோனியம், காதுக்குப் பின்னால் ஒட்டும் ஹயோசின் பட்டை ஆகியவை டாக்டர் கணக்கிடும் அளவில் பலன் தரும். மலச்சிக்கல், சிறுநீர் தேங்குவது, சளி கெட்டிப்படுவது ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். அடுத்த படி, சுரப்பை அடக்கும் போட்டுலினம் மருந்தை எச்சில் சுரப்பியிலேயே ஊசியாகப் போடுவது. பலன் சில மாதம் நிற்கும், பிறகு மறுபடி போட வேண்டும். ஓய்வாக இருக்கும்போது ஊறும் எச்சிலில் பெரும்பகுதி தாடைக்கு அடியில் உள்ள சுரப்பிகளிலிருந்து வருவதால் அங்கேயும் போடுவார்கள். எச்சில் குறைந்தால் பல் சொத்தை வேகமாக வரும், பல் டாக்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டேகால் வயதுப் பையனின் பெற்றோருக்கு: மேலே மருந்து, ஊசி பற்றி எழுதிய பத்தி உங்களுக்கு இல்லை.

ஜூலை 16, மாலை 4.20

தனியாக ஒருவர் கேட்டதால்: தூக்கத்தில் தலையணை நனைவதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தூக்கத்தில் விழுங்குவது எல்லாருக்குமே குறையும். பகல் எண்ணிக்கை இறங்கினாலும் தலையணை நனைந்துகொண்டுதான் இருக்கும். குறட்டையும் திறந்த வாயும் சேர்ந்திருந்தால் மட்டும் ஜூன் 5 காலைக் குறிப்புக்குத் திரும்பிப் போங்கள்.